கை தூக்க முடியவில்லை, "பொறுங்கள்" என்கிறார்கள்: எத்தனை நாள் பொறுப்பது?

கேள்வி: நான் ஈசூனில் இருக்கிறேன். என் தம்பிக்கு 28 வயது. ஒர்க் பெர்மிட்டில் வேலை செய்கிறான். ஜோகூர் பாருவில் இருந்து தினமும் மோட்டார்சைக்கிளில் வந்துபோவான். ஏழு வாரத்துக்கு முன் மழையில் புக்கிட் தீமா விரைவுச்சாலையில் வழுக்கி விழுந்தான். வலது தோள் தரையில் மோதியது. காறை எலும்பு முறிந்தது, அது இப்போது கூடிவருகிறது. ஆனால் கையை உயர்த்த முடியவில்லை, முழங்கையை மடக்க முடியவில்லை. விரல்கள் மட்டும் நன்றாக அசைகின்றன. கட்டைவிரல் பக்கம் மரத்துப்போய் இரவில் எரிகிறது என்கிறான். "நரம்பில் அடி, தானாகச் சரியாகும், பொறுங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அப்பா ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு உருவிவிடலாம் என்கிறார். சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கும் ஆறு மாதமாக இடது தோளில் வலி, கை பின்னால் போகவில்லை. இது குடும்பத்தில் வரும் நரம்பு நோயா? நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் தம்பியிடம் "பொறுங்கள்" என்று சொன்னவர் தவறாகச் சொல்லவில்லை. நரம்பில் பட்ட அடி பல நேரம் தானாகவே ஆறும். ஆனால் எந்தத் தேதி வரை பொறுப்பது, அதற்குள் எந்தச் சோதனையைச் செய்வது என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள். அதுதான் எனக்குக் கவலை. நரம்புக் காயத்தில் காலம் தாழ்ந்தால், பிறகு எவ்வளவு திறமையான மருத்துவரிடம் போனாலும் இழந்ததை முழுதாக மீட்க முடியாது. அதனால் இந்த வாரமே ஆரம்பிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன.

தோளும் முழங்கையும் வேலை செய்யவில்லை, விரல்கள் வேலை செய்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். காயம் எங்கே என்பதை இந்த ஒரு வரியே பாதி சொல்லிவிடுகிறது.

கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தில் தண்டுவடத்தில் இருந்து ஐந்து வேர்களாகப் புறப்படுகின்றன. கழுத்துப் பகுதியின் ஐந்தாவது, ஆறாவது, ஏழாவது, எட்டாவது நரம்பு, அப்புறம் மார்புப் பகுதியின் முதல் நரம்பு. இவை கழுத்தின் பக்கவாட்டுத் தசைகளுக்கு இடையே வெளிவந்து, காறை எலும்புக்கு அடியில் முதல் விலா எலும்பின் மேலாகக் கடந்து, அக்குளுக்குப் போகின்றன. போகும் வழியில், பெரிய சாலைச் சந்திப்பில் பாதைகள் சேர்ந்து பிரிவது போல, ஒன்றோடொன்று கலந்து பிரிந்து கடைசியில் ஐந்து பெரிய கிளைகளாகக் கைக்குள் இறங்குகின்றன. இந்த இடத்துக்குத்தான் பிரேக்கியல் பிளெக்சஸ், அதாவது கைநரம்புப் பின்னல் என்று பெயர்.

மேலே உள்ள இரண்டு வேர்கள், ஐந்தும் ஆறும், தோளை உயர்த்தவும் வெளிப்பக்கம் திருப்பவும் முழங்கையை மடக்கவும் உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பவும் வேண்டியவை. கட்டைவிரல் பக்கத்து உணர்ச்சி ஆறாவது வேரைச் சேர்ந்தது. ஏழாவது முழங்கையை நீட்டவும் மணிக்கட்டைத் தூக்கவும் உதவுகிறது. கடைசி இரண்டும் விரல்களுக்கும் கைப்பிடிக்கும் உரியவை. மோட்டார்சைக்கிளில் இருந்து விழும்போது தோள் தரையில் அடித்துக் கீழே தள்ளப்படும். ஹெல்மெட் போட்ட தலையோ எதிர்ப்பக்கம் சாயும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள கோணம் ஒரு நொடியில் விரிந்து, மேல் வேர்கள்தான் முதலில் இழுபடும். பெரியவர்களுக்கு இந்தக் காயம் வர உலகம் முழுவதும் மோட்டார்சைக்கிள் விபத்தே முதன்மைக் காரணம். தினமும் பாலத்தைத் தாண்டி வருகிற நம் பிள்ளைகளை நினைத்தால் இதை அழுத்திச் சொல்லத்தான் தோன்றுகிறது: ஹெல்மெட் மண்டையைக் காக்கும், இந்த நரம்புகளைக் காக்காது.

எனவே தம்பிக்கு வந்திருப்பது பெரும்பாலும் மேல்பக்கக் காயம். கை உடம்போடு ஒட்டித் தொங்கும், உள்பக்கம் திரும்பியிருக்கும், உள்ளங்கை பின்னால் பார்க்கும். இதை எர்ப் வாதம் என்போம். கடினமான பிரசவத்தில் குழந்தையின் தோள் சிக்கும்போதும் இதே வடிவம் வருவதுண்டு. அந்தக் குழந்தைகளில் பெரும்பாலோர் தேறிவிடுவார்கள். கீழ் வேர்கள் அடிபடுவது இதற்கு நேர்மாறு. உயரத்தில் இருந்து விழும்போது எதையாவது எட்டிப் பிடித்து, கை தலைக்கு மேலே இழுபட்டால் விரல்கள் நகம்போல் வளைந்து பிடி போய்விடும். அது மேல்பக்கக் காயத்தைவிடக் கடினமானது. விரல் அசைவது தம்பிக்கு நல்ல செய்தி.

சரி, நரம்புக்கு உள்ளே என்ன நடந்திருக்கும்? ஹெர்பர்ட் செடன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1943இல் வகுத்த பிரிவையே இன்றும் அடிப்படையாகக் கொள்கிறோம். லேசான அடியில் நரம்பு இழை அறுவதில்லை, சேதி கடத்துவது மட்டும் தடைபடும். சில நாளில் இருந்து மூன்று மாதத்துக்குள் அது சரியாகிவிடும். அடுத்த நிலையில் உள்ளே இழைகள் அறுந்திருக்கும், வெளி உறை அப்படியே இருக்கும். அந்த உறைக்குள் இழை மறுபடி வளர்ந்து போகும். மூன்றாவது நிலையில் உறையோடு சேர்ந்து நரம்பே அறுந்துவிடும். அது தானாகச் சேராது. இவை தவிர, இழுவை மிகக் கடுமையாக இருந்தால் வேர் தண்டுவடத்தில் இருந்தே பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதைத் தைத்துக்கூடச் சரிசெய்ய முடியாது, வேறு நரம்பைத்தான் கடன் வாங்க வேண்டும். ஒரே தோளில் ஒரு வேர் லேசாகவும் பக்கத்து வேர் அறுந்தும் இருக்கலாம். சிக்கல் என்னவென்றால், விபத்து நடந்த முதல் வாரத்தில் இந்த நான்கும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கை தொங்கும், அவ்வளவுதான். அதனால்தான் "பொறுங்கள்" என்கிறார்கள்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அறுந்த இழை ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மி.மீ. வளரும். கழுத்தடியில் இருந்து மேற்கையில் உள்ள பைசெப்ஸ் தசைக்கு 20, 25 செ.மீ. தூரம் என்று வைத்துக்கொண்டால், போய்ச் சேர ஏழெட்டு மாதம் ஆகும். மறுபக்கம், நரம்பின் தொடர்பு இல்லாத தசை சும்மா காத்திருக்காது. மெலியும், கொழுப்பும் நாரும் சேரும். ஏறக்குறைய 12 முதல் 18 மாதத்தில் நரம்பே வந்து தொட்டாலும் ஏற்றுக்கொள்ள முடியாத நிலைக்குப் போய்விடும். விபத்து நடந்து பத்து மாதம் "தானாகச் சரியாகும்" என்று வீட்டில் இருந்துவிட்டு அப்புறம் அறுவைச் சிகிச்சைக்குப் போனால், தைத்த இடத்தில் இருந்து இழை ஊர்ந்துபோய்ச் சேர்வதற்குள் தசையின் காலம் முடிந்துவிடும். எனவேதான், அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மூன்றில் இருந்து ஆறு மாதத்துக்குள் செய்ய விரும்புகிறோம். வேர் பிடுங்கிக்கொண்டது உறுதியானால் அதற்கு முன்பே செய்வோம்.

தம்பிக்கு ஏழு வாரம் முடிந்திருக்கிறது. மூன்று மாதம் ஆக இன்னும் ஐந்தாறு வாரம்தான். நிபுணரிடம் முன்பதிவு கிடைக்கவே வாரக் கணக்கில் ஆகலாம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

அதற்கு முன் வீட்டிலேயே நீங்கள் கவனிக்கக்கூடியவை சில உண்டு. நீங்களாக முடிவு கட்டுவதற்கு அல்ல, மருத்துவரிடம் தெளிவாகச் சொல்வதற்கு. தம்பியைச் சட்டையில்லாமல் நல்ல வெளிச்சத்தில் உட்காரவைத்துப் பின்னால் நின்று பாருங்கள். வலது தோளின் உருண்டை இடது தோளை விடத் தட்டையாகி, எலும்பின் முனை துருத்திக்கொண்டு தெரிகிறதா? அப்புறம் இரண்டு தோள்பட்டை எலும்புகளையும் முதுகெலும்பை நோக்கி நெருக்கச் சொல்லுங்கள். வலப்பக்கமும் நெருங்கி வந்தால் நல்லது. அந்தத் தசைக்குப் போகும் நரம்பு வேரில் இருந்தே நேராகக் கிளம்புகிறது. அது வேலை செய்கிறது என்றால் காயம் தண்டுவடத்துக்குச் சற்றுத் தள்ளியே இருக்கிறது என்று பொருள், தைக்கவோ ஒட்டுப் போடவோ அங்கே நரம்பு மிச்சம் இருக்கும். வரவே இல்லை என்றால் வேர் பிடுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வலுக்கும்.

முன்பக்கம் வந்து முகத்தைப் பாருங்கள். வலது கண் இமை லேசாகத் தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாப்பா மற்றதைவிடச் சிறிதாக இருந்தால் அது கீழ் வேர் தண்டுவடத்துக்கு அருகே பிடுங்கியதன் அடையாளம். தம்பியின் விரல்கள் நன்றாக இருப்பதால் இதை நான் எதிர்பார்க்கவில்லை, ஆனாலும் பார்த்துவிடுவது நல்லது. கடைசியாக, அவருடைய முழங்கையை மேசைமேல் வைத்து, உங்கள் விரலை மேற்கைத் தசைமேல் லேசாக வைத்துக்கொண்டு மடக்க முயலச் சொல்லுங்கள். கை மடங்காவிட்டாலும் தசை உங்கள் விரலடியில் ஒரு முறை துடித்தால்கூட அது பெரிய விஷயம். வாரம் ஒரு முறை இதைச் செய்து, தேதி போட்டு எழுதி வையுங்கள். கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது. மருத்துவருக்கு அந்தப் படங்கள் மிகவும் உதவும்.

அந்த இரவு எரிச்சலைப் பற்றி. மரத்துப்போன இடமே எரிவது உங்களுக்கு விநோதமாக இருக்கலாம், ஆனால் நரம்புக் காயத்தில் இது சாதாரணம். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரிதாகக் கேட்காது. கபாபென்டின், பிரிகாபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மருத்துவர் மெல்ல ஏற்றுவார். தூக்கம் வரும், தலை சுற்றும், அதனால் தாமாக வாங்கிப் போடக் கூடாது. நசுக்கிப் பிழிவது போன்ற இடைவிடாத வலியும் நடுநடுவே மின்சாரம் பாய்ந்தாற்போல் வெட்டும் வலியும் இருந்தால் அதைத் தவறாமல் சொல்லச் சொல்லுங்கள். வேர் பிடுங்கிய கைகளில் அந்த இரண்டும் சேர்ந்து வருவது வழக்கம். ஆண்பிள்ளை வலியைச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டாம். அந்த வலியே மருத்துவருக்கு ஒரு தகவல்.

சோதனைகளில் முக்கியமானவை இரண்டு. ஒன்று, இஎம்ஜியும் நரம்புக் கடத்தல் சோதனையும். தோலின்மேல் சிறு மின்துடிப்பு கொடுத்தும், தசையில் மெல்லிய ஊசி செலுத்தியும் பார்ப்பார்கள். விபத்து நடந்து மூன்று நான்கு வாரம் ஆன பிறகுதான் இது உண்மையைச் சொல்லும், தம்பிக்கு அந்தக் கட்டம் தாண்டிவிட்டது. இதில் ஒரு நுட்பம் உண்டு: மரத்துப்போன கட்டைவிரலில் உணர்ச்சி நரம்பின் துடிப்பு சோதனையில் நன்றாக வந்தால் அது நல்ல சேதி அல்ல. விரலில் இருந்து கழுத்து வரை நரம்பு உயிரோடு இருக்கிறது, ஆனால் அது தண்டுவடத்தோடு சேரும் கடைசி இடத்தில் பிடுங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். "டெஸ்ட் நார்மல்" என்று யாராவது சொன்னால் எந்தச் சோதனை, எந்த நரம்பு என்று கேளுங்கள். இன்னொன்று கழுத்துக்கும் தோளுக்கும் எடுக்கும் எம்ஆர்ஐ. பிடுங்கிய வேரின் இடத்தில் தண்டுவட நீர் கசிந்து பை போல் தேங்கியிருப்பது அதில் தெரியலாம். மார்பு எக்ஸ்ரேயும் எடுத்துப் பார்ப்பார்கள். மூச்சுக்கு உதவும் உதரவிதானத்தின் நரம்பும் இதே கழுத்துப் பகுதியில் இருந்துதான் கிளம்புகிறது; அந்தப் பக்கம் உதரவிதானம் மேலே ஏறியிருந்தால் காயம் ஆழமானது என்று புரிந்துகொள்வோம்.

மூன்று மாத வாக்கில் பைசெப்ஸில் துடிப்பே இல்லை, இஎம்ஜியிலும் மீட்சி தெரியவில்லை என்றால் அறுவைச் சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டும். அறுந்த நரம்புக்குக் காலில் இருந்து ஒரு உணர்ச்சி நரம்பை எடுத்து ஒட்டுப் போடுவது ஒரு வழி. பாதத்தின் வெளி விளிம்பு கொஞ்சம் மரத்துப்போகும், நடைக்குக் கெடுதல் இல்லை. மற்றொன்று நரம்பு மாற்றம். பிரெஞ்சு மருத்துவர் ஒபர்லின் 1994இல் வெளியிட்ட முறையில், கைவிரல்களுக்குப் போகும் அல்னார் நரம்பில் இருந்து ஒரு மெல்லிய இழைக்கற்றையை மட்டும் பிரித்து, பைசெப்ஸுக்குப் போகும் நரம்போடு மேற்கையிலேயே இணைக்கிறார்கள். தூரம் குறைவு என்பதால் சில மாதங்களிலேயே தசை விழித்துக்கொள்ளும். ஆரம்பத்தில் முழங்கையை மடக்க விரல்களை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், பயிற்சியில் மூளை பழகிக்கொள்ளும். விரல் நரம்புகள் நன்றாக இருந்தால்தான் இது முடியும். தம்பியின் விரல்கள் அசைவதை நான் நல்ல செய்தி என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். அறுவைச் சிகிச்சை முடிந்தாலும் கை பழையபடி நூற்றுக்கு நூறு ஆகிவிடும் என்று யாரும் உறுதி தர முடியாது. முழங்கை மடங்கி, தட்டில் உள்ள சோற்றை வாய்க்குக் கொண்டுபோக முடிந்தால், தோள் ஓரளவு உயர்ந்தால், அதுவே ஒரு மனிதனின் வேலையையும் தன்மானத்தையும் மீட்டுக் கொடுக்கும்.

எங்கே போவது? பலதுறை மருந்தகத்திலோ நிறுவனம் அனுப்பும் கிளினிக்கிலோ பரிந்துரைக் கடிதம் வாங்கி, கை அறுவைச் சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனை, டான் டோக் செங் மருத்துவமனை மூன்றிலும் அந்தப் பிரிவு இருக்கிறது. கடிதத்தில் "தோள் வலி" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "விபத்துக்குப் பின் பிரேக்கியல் பிளெக்சஸ் காயம், ஏழு வாரம், முழங்கை மடக்கும் சக்தி இல்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதினால் அவசரம் புரியும். தம்பி ஒர்க் பெர்மிட்டில் இருப்பதால் அரசாங்க மானியம் கிடைக்காது, செலவு உங்களைப் பயமுறுத்தலாம். ஆனால் ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ் ஊழியர்களுக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுத்தே ஆக வேண்டும். 2023 ஜூலையில் இருந்து அதன் வரம்பு ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது, வெளிநோயாளிச் சோதனைகளை ஏற்குமா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதலாளியிடம் எழுத்து மூலம் கேளுங்கள்.

அப்பா சொல்லும் எண்ணெய் வைத்தியத்துக்கு வருகிறேன். அவருடைய அக்கறையை நான் மதிக்கிறேன். கையிலும் முன்கையிலும் மென்மையாக எண்ணெய் தடவிக்கொள்வதில் தீங்கில்லை. ஆனால் கழுத்தடியையும் அக்குளையும் அழுத்தி உருவுவது, கையைப் பிடித்து இழுத்து "நெட்டி எடுப்பது", இவை வேண்டவே வேண்டாம். இழுபட்டதால் வந்த காயத்தை மறுபடி இழுப்பதாகும் அது. எலும்பும் இன்னும் முழுதாகக் கூடவில்லை. சூடான ஒத்தடமும் ஆபத்து. மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். இதே காரணத்துக்காகச் சமையலறையிலும் சூடான கோப்பி டம்ளரை அந்தக் கையால் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள்.

தோள் தசை செயலிழந்திருப்பதால் கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். நடக்கும்போது ஸ்லிங் வேண்டும். ஆனால் நாள் முழுதும் கட்டியே வைத்தால் மூட்டு இறுகிவிடும். பிசியோதெரபி நிபுணர் காட்டித்தந்தபடி ஒரு நாளில் பல முறை அவிழ்த்து, நல்ல கையாலோ உங்கள் உதவியாலோ தோளையும் முழங்கையையும் மணிக்கட்டையும் முழு வீச்சுக்கு மெதுவாக அசைக்க வேண்டும். காறை எலும்பு எந்த அளவு அனுமதிக்கும் என்பதை எலும்பு மருத்துவர் சொல்வார். சட்டை போடும்போது அடிபட்ட கையை முதலில் நுழைக்கவும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்கவும். அவரைத் தூக்கிவிட வேண்டுமென்றால் அந்தக் கையைப் பிடித்துத் தூக்காதீர்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டுவது இப்போதைக்குக் கிடையாது.

இது குடும்ப நோயா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. பரம்பரையாக வரும் நரம்பு நோய்கள் உண்டு, ஆனால் மிக அரிது. விபத்துக்குப் பின் வந்ததற்கு அந்தச் சந்தேகமே தேவையில்லை. தோளும் கையும் பலமிழக்க வேறு காரணங்கள் உண்டு. தோள் மூட்டு நழுவினால் அதைச் சுற்றிப் போகும் நரம்பு அடிபட்டு தோளின் வெளிப்பக்கம் மரத்துவிடும். நாற்காலியின் முதுகில் கையைப் போட்டபடி அயர்ந்து தூங்கினால் மணிக்கட்டு தொங்கிவிடும். அது பெரும்பாலும் சில வாரத்தில் தேறும். தேசிய சேவையில் கனமான முதுகுப்பையோடு நீண்டதூரம் நடந்த பையனுக்குத் தோள்பட்டை எலும்பு இறக்கை போல் எழும்பி நின்றால் அதுவும் நரம்பு நசுங்கியதாக இருக்கலாம். காய்ச்சலுக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ பிறகு நடு இரவில் தாங்க முடியாத தோள் வலி வந்து, அந்த வலி அடங்கும் வேளையில் கை பலமிழப்பதைப் பார்சனேஜ் டர்னர் நோய் என்போம். புகைபிடிப்பவருக்கு விடாத தோள் வலியோடு உள்ளங்கைத் தசை மெலிந்தால் நுரையீரலின் உச்சியில் கட்டி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்றவருக்குப் பல ஆண்டு கழித்தும் இந்தப் பின்னல் பாதிக்கப்படலாம். திடீரென ஒரு கை விழுந்து முகமும் கோணி பேச்சும் குழறினால் அது பக்கவாதம், யோசிக்காமல் ஆம்புலன்சுக்கு 995ஐக் கூப்பிடுங்கள்.

அம்மாவின் தோள் இவை எதிலும் சேராது என்றே நினைக்கிறேன். ஒன்றைச் செய்து பாருங்கள். அம்மா தளர்வாக இருக்கட்டும், நீங்கள் அவர் கையை மெல்ல உயர்த்தியும் வெளிப்பக்கம் திருப்பியும் பாருங்கள். நரம்பு பாதித்த கையை மற்றவர் தூக்கினால் தடையில்லாமல் போகும், தானாகத்தான் போகாது. மற்றவர் தூக்கினாலும் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றால் அது மூட்டு உறை இறுகிய "ஃபுரோசன் ஷோல்டர்". சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம். ஓராண்டு, இரண்டாண்டு, சிலருக்கு மூன்றாண்டுகூட இழுக்கும், ஆனால் பெரும்பாலும் தளர்ந்துவிடும். பலதுறை மருந்தகத்தில் காட்டி பிசியோதெரபிக்கு எழுதி வாங்குங்கள், மூன்று மாதச் சர்க்கரை அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போடலாம் என்று மருத்துவர் சொன்னால் பயப்பட வேண்டாம், நல்ல பலன் உண்டு. ஊசி போட்ட சில நாளைக்குச் சர்க்கரை ஏறும். அந்த நாள்களில் வீட்டில் அடிக்கடி சோதித்து, அதிகமாக ஏறினால் உடனே மருந்தகத்தைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.